புலனத்தில் வந்த செயலி: முத்திரையைக் குத்தியது யார்?

கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லிப் புலனத்தில் ஒரு கோப்பு வருகிறது. அனுப்பிய எண் தெரிந்தவருடையதாகவே இருக்கலாம். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் உள்ளே அழைப்பிதழ் கிடையாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஏறிக்கொள்ளத் தயாராக ஒரு செயலி காத்திருக்கிறது. இத்தகைய அழைப்பிதழ்களைத் தொட வேண்டாம் என்று மலேசியப் போலீசின் வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறை 2023ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது.

சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் வங்கிப் புத்தகத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துவிட்டது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். அம்மாவின் கைப்பேசியில் வங்கிச் செயலியை அவர்கள்தான் ஏற்றிக் கொடுக்கிறார்கள். சம்பளமும் எஸ்.டி.ஆர். உதவித்தொகையும் அந்தக் கணக்கில்தான் விழுகின்றன. அவசரப்பட்டுத் தொட்டால் போவது குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாடு.

நம் நாட்டில் நடந்தது

வீடு சுத்தம் செய்யும் நிறுவனங்களின் பெயரில் மலேசியர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளைப் பற்றி 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் விரிவாக எழுதியது. முகநூலில் விளம்பரம் வரும். அதைத் தொட்டால் ஒரு இணையத்தளம் திறக்கும். அங்கே ‘கூகுள் பிளே’ போலவே ஒரு பொத்தான். அழுத்தினால் ஏபிகே கோப்பு இறங்கும். செயலியில் வேலையாள் வேண்டும் என்று பதிந்து, பணம் கட்டப் போனால் எட்டு மலேசிய வங்கிகளின் பட்டியல் விரியும். அந்த வங்கிப் பக்கம் போலி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோசடிக்காரனிடம் போய்ச் சேரும். பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டேக் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்ததும் அதையும் செயலியே அவனுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

அதே ஆண்டு செப்டம்பரில், எஸ்எம்எஸ் வழி டேக் எண்ணை வங்கிகள் கைவிட வேண்டும் என்று பேங்க் நெகாரா அறிவித்தது. ஆனாலும் ஆபத்து தீரவில்லை. ‘அக்ஸசிபிலிட்டி’ அனுமதியைக் கொடுத்துவிட்டால், திரையில் தெரிவதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் செயலியால் முடியும்.

செயலி எப்படிப் பொட்டலமாகிறது?

இணையப் பக்கம் ஒன்றைச் செயலியின் உறைக்குள் போட்டுத் தந்தால் அது ஹைப்ரிட் செயலி. இதற்குக் கார்டோவா, கெப்பாசிட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. கட்டளைத் திரையைத் திறந்து, ‘கார்டோவா பில்ட் ஆண்ட்ராய்டு’ என்று தட்டி, கூடவே ‘ரிலீஸ்’ என்று சேர்த்தால் வெளியீட்டுக்கான கோப்பு உருவாகத் தொடங்கும். கணினி படிக்கும் மாணவர் செய்யக்கூடிய வேலைதான்.

கையொப்பம் இல்லாத செயலியை ஆண்ட்ராய்டு ஏற்காது. கையொப்பமிட ஒரு சாவி வேண்டும். அதை ‘கீடூல்’ என்ற கருவி செய்து தரும். அது வரிசையாகக் கேட்கும்: உங்கள் பெயர் என்ன? எந்தப் பிரிவு? எந்த நிறுவனம்? எந்த ஊர்? எந்த மாநிலம்? நாட்டுக்கான இரண்டெழுத்துக் குறி என்ன? கடைசியில், ‘இது சரியா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று தட்டினால் போதும். நிறுவனம் என்ற இடத்தில் ஒரு வங்கியின் பெயரை எழுதினாலும் அது மறுக்காது. அடையாள அட்டை கேட்காது. சாவியின் ஆயுளைப் பலரும் 10,000 நாள் என்று குறிப்பார்கள். 27 ஆண்டுக்கும் மேல்.

கடையில் சொல்லிச் செய்து வாங்கும் ரப்பர் முத்திரையில் யார் பெயரையும் பொறிக்கலாம், இதுவும் அப்படித்தான். கோப்பை வழியில் எவரும் மாற்றவில்லை என்பதையும், அடுத்த பதிப்பு அதே சாவிக்காரரிடமிருந்து வருகிறது என்பதையும் கையொப்பம் காட்டும். அந்தச் சாவிக்காரர் யார், யோக்கியரா என்பதை அது சொல்லாது.

இந்த ஓட்டையை அடைக்க, செயலி உருவாக்குபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் திட்டத்தைக் கூகுள் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்குவதாகச் சொன்ன அந்த முதல் பட்டியலில் மலேசியா இல்லை.

செயலி செய்து தருபவர்களுக்கு

கோயில் திருவிழா, முன்னாள் மாணவர் சங்கம், சாப்பாட்டுக் கடை என்று எல்லாவற்றுக்கும் இன்று செயலி செய்கிறார்கள். செய்த கையோடு ஏபிகே கோப்பைப் புலனக் குழுவில் போட்டு, ‘எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை, ஓகே கொடுங்கள்’ என்கிறார்கள். இதில் களவு ஏதுமில்லை. ஆனால் எச்சரிக்கையைத் தள்ளிவிடும் பழக்கத்தை நம் பெரியவர்களுக்கு ஊட்டுவது இந்த நல்லவர்கள்தான். அடுத்த நாள் மோசடிக்காரன் அதே வழியில் வரும்போது, அந்தப் பெரியவர்களுக்கு வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை.

எனவே பிளே ஸ்டோர் வழியாகவே வெளியிடுங்கள். பதிவுக் கட்டணம் 25 அமெரிக்க டாலர், ஒரே முறைதான். செயலி செய்யக் கொடுப்பவர் கணக்கைத் தம் பெயரில் திறக்க வேண்டும். சாவிக் கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்டோருக்கு வெளியே கொடுத்த செயலியின் சாவி தொலைந்தால், அதே செயலிக்குப் புதுப்பதிப்பு தர முடியாது. ஸ்டோரில் பதிவேற்றச் சாவி தொலைந்தால் கூகுளிடம் கேட்டு மாற்றலாம்.

பணம் போய்விட்டால்

1. முதலில் அந்தக் கைப்பேசியின் இணையத்தைத் துண்டியுங்கள்.
2. வேறொரு கைப்பேசியிலிருந்து 997-ஐ அழையுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் எண். வங்கியின் அவசர எண்ணையும் அழைக்கலாம். வங்கி, கணக்கு எண், தொகை, நேரம் நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் மறிப்பதுதான் நோக்கம். எனவே நிமிடக் கணக்கில் செயல்படுங்கள்.
3. அருகிலுள்ள எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மலாய் எழுதத் தடுமாறுபவர் பிள்ளையை அழைத்துச் செல்லட்டும். புகாரின் நகலை வாங்காமல் திரும்ப வேண்டாம்.
4. வந்த செய்தியையும் செயலியின் பெயரையும் படம் பிடித்து வையுங்கள். பிறகே கைப்பேசியை முழுவதுமாக அழித்து மறு அமைப்புச் செய்யுங்கள். கடவுச்சொற்களை வேறு கருவியில் மாற்றுங்கள். தொழில்நுட்ப உதவிக்கு சைபர்999: 1-300-88-2999.

உங்கள் உரிமை

‘உங்கள் கைப்பேசியிலிருந்துதான் போனது, நாங்கள் பொறுப்பில்லை’ என்று வங்கி வாய்வழியாகச் சொல்வதோடு வழக்கு முடிந்துவிடாது. எழுத்தில் புகார் கொடுங்கள். எழுத்திலேயே முடிவு கேளுங்கள். அதில் திருப்தி இல்லையென்றால், முடிவு கிடைத்த ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் கொண்டுபோகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இந்த அமைப்பு பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வழி தெரியாதவர்கள் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் கேட்கலாம்.

இன்றே செய்ய வேண்டியது

வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசி ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸைத் திறந்து, ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்ற பகுதியைத் தேடுங்கள். புலனம், உலாவி, கோப்பு மேலாளர் மூன்றுக்கும் அந்த அனுமதியை மூடுங்கள். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும் அக்ஸசிபிலிட்டி அனுமதியையும் எந்தெந்தச் செயலி வைத்திருக்கிறது என்று பாருங்கள். காரணம் புரியாததை நீக்குங்கள். யார் அனுப்பினாலும், அது கோயில் செயலியே ஆனாலும், ‘பிளே ஸ்டோரில் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் நிறுவ வேண்டாம்.