சிலம்பம் தரும் செல்வம்

"கம்பைப் பிடித்தவன் காவல் நிலையத்துக்குத்தான் போவான்" என்று அஞ்சினார் என் அம்மா. தஞ்சைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில், சம்பா அறுவடை முடிந்த களத்தில் வாத்தியார் சிறுவர்களுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுப்பார். பத்து வயதில் நானும் போய் நின்றேன். எடுத்ததற்கெல்லாம் கைநீட்டும் முரடனாக இருந்த காலம் அது.

பல வாரம் வணக்கமும் காலடியும்தான். பிறகே நெற்றி உயர மூங்கில் கம்பு கைக்கு வந்தது. அதைச் சுழற்றும்போது தோளும் மணிக்கட்டும் காலும் ஒன்றாக இயங்க வேண்டும். மனம் சிதறினால் கம்பு நம் முழங்காலையே பதம் பார்க்கும்! காரணத்தை இயற்பியல் வகுப்பில் அறிந்தேன். சுழலும் கம்பில் பிடியை விட்டு விலக விலக வேகம் கூடும். நுனியே மிக விரைந்து செல்லும். ஆகவே அடிப்பது எளிது; அந்த நுனியை எதிராளியின் தோளருகே நிறுத்துவதே வித்தை.

5 முதல் 17 வயதுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு ஒரு கம்பும் வெற்றுக் களமும் போதும், ஏழைக்கும் இயலும். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற புரட்டாசியில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவர் என் அப்பாவை அடிக்கக் கை ஓங்கினார். என் கையில் மண்வெட்டி இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தினேன், திருப்பி அடிக்கவில்லை. அன்று நான் அடித்திருந்தால், அம்மா சொன்ன வாக்கே பலித்திருக்கும்.

இப்போது என் தங்கையைக் களத்துக்கு அழைத்துச் செல்பவர் அம்மாதான்.