அலெக்சாந்தர் கார்ட்னர்: புகைப்படமும் உழைப்பின் பெயரும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861–1865) புகைப்படங்கள் பற்றிப் பேசுவோர் மத்தியூ பிறேடியின் பெயரையே முதலிற் கூறுவர். ஆனால் அப்பெயரின் கீழ் வெளியான படங்கள் பலவற்றை எடுத்தோர் அவரிடம் ஊதியத்துக்கு வேலை செய்தவர்களே. கலைப்படைப்பொன்று எவருடைய பெயரில் உலவுகின்றது என்பது உற்பத்தி உறவுகளோடு பிணைந்த வினாவாகும். அவ்வினாவைத் தம் தொழிலிலேயே எதிர்கொண்டவர் என்ற வகையில் அலெக்சாந்தர் கார்ட்னர் (1821–1882) எமது கவனத்துக்குரியவராகின்றார்.

ஸ்கொட்லாந்தின் பெயிஸ்லி நகரிற் பிறந்த கார்ட்னர் இளமையில் நகைத் தொழில் பயின்றவர். றொபேட் ஓவனின் கூட்டுறவுச் சிந்தனைகளால் ஈர்க்கப்பட்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே கூட்டுறவுக் குடியேற்றமொன்றை நிறுவும் முயற்சியிற் பங்குகொண்டார். 1851 இல் 'கிளாஸ்கோ சென்ரினல்' என்னும் பத்திரிகையை வாங்கி நடத்தினார். 1856 இல் அவர் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றபோது அக்குடியேற்றத்தைக் காசநோய் பீடித்திருந்தது. கூட்டுறவு வாழ்வை நாடிச் சென்றவர் நியூயோர்க்கிலே பிறேடியின் ஊழியரானார்! 1858 முதல் பிறேடியின் வாஷிங்டன் நிலையத்தை அவரே நிர்வகித்து வந்தார்.

அக்காலப் புகைப்படத் தொழிலின் உழைப்பு முறையைச் சற்று விளக்குதல் அவசியம். கண்ணாடித் தகட்டிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனேயே அதனைத் துலக்கவும் வேண்டும். எனவே குதிரை வண்டியொன்றே இருட்டறையாகக் களத்துக்குச் சென்றது. சில விநாடிகள் ஒளி படவேண்டியிருந்தமையால் ஓடும் குதிரையும் பாயும் படையும் தகட்டிற் பதியா. போரைப் படமெடுக்க வந்த கருவிக்குப் போர் முடிந்த நிலமே அகப்பட்டது, அசையாதிருந்தோர் இறந்தோரே.

1862 செப்ரெம்பர் 17 இல் அன்ரீற்றம் போரில் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் எல்லாமாக ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர். அங்கே கார்ட்னரும் ஜேம்ஸ் கிப்சனும் எடுத்த பிணங்களின் படங்கள் ஒக்ரோபரில் நியூயோர்க்கிலே பிறேடியின் நிலையத்தில் வைக்கப்பட்டன. பார்த்தோர் அவற்றைப் பிறேடியின் படைப்புக்களாகவே கண்டனர். அதன் பின்னர் கார்ட்னர் பிறேடியை விட்டு விலகி, 1863 இல் வாஷிங்டனிற் சொந்த நிலையம் திறந்தார். கிப்சனும் திமொதி ஓ'சலிவனும் அவருடன் இணைந்தனர்.

1866 இல் அவர் வெளியிட்ட போர்க்காலப் புகைப்படத் தொகுதி இரு பாகங்களில் 100 படங்களைக் கொண்டது. ஒவ்வொரு படத்தின் கீழும் எதிர்மறைத் தகட்டை எடுத்தவர் யார், அதிலிருந்து பிரதி எடுத்தவர் யார் என்பன அச்சிடப்பட்டிருந்தன. நூறில் நாற்பதுக்கு மேற்பட்டவை ஓ'சலிவனுடையவை. வெளியீட்டாளரான கார்ட்னருடையவை அதிற் பாதியுமில்லை. ஓவன்வாதியின் கை இங்கே தெரிகின்றது என்று நாம் கருதுகிறோம். ஆயின் அத்தொகுதியின் விலை 150 டொலர். 1864 வரை வடபகுதியின் வெள்ளையரான சாதாரணப் படைவீரன் மாதமொன்றுக்குப் பெற்ற ஊதியம் 13 டொலர். தன் தோழரின் பிணங்களைப் பார்க்க அவன் ஏறக்குறைய ஓராண்டு ஊதியத்தைக் கொடுக்கவேண்டும். நூல் வணிகத்தில் தோல்வியுற்றதில் வியப்பில்லை.

படமெடுத்தோர்க்கு நேர்மை காட்டிய இந்நூல் படத்தில் உள்ளோர்க்கு அதனைக் காட்டவில்லை. 1863 யூலையில், கெற்றிஸ்பேர்க்கில், பாறைகளிடையே இறந்துகிடக்கும் தென்பகுதிக் குறிசுடுநர் என்று காட்டப்படும் இளைஞனின் உடல் வேறிடத்திலிருந்து சுமார் 40 யார் தூரம் தூக்கிவரப்பட்டது என்பதை வில்லியம் பிரசனிற்றோ 1975 இல் வெளியான தமது ஆய்விற் காட்டினார். அருகிற் சாத்தியுள்ள துப்பாக்கியும் குறிசுடுநர் பயன்படுத்தும் வகையன்று. மாதங்கள் கழித்துச் சென்றபோதும் எலும்புக்கூடு அங்கேயே கிடந்தது என்ற கார்ட்னரின் குறிப்பும் நம்பத்தக்கதன்று. இதனினும் பாரதூரமானது மற்றொன்று. ஒரே பிணக்கூட்டம் இரு திசைகளிலிருந்து எடுக்கப்பட்டு அந்நூலில் இரு படங்களாக உள்ளது. ஒரு படத்தில் அவர்கள் கிளர்ச்சியாளராக இழிவுபடுத்தப்படுகின்றனர். மற்றதில் ஒன்றியத்தின் வீரராகப் போற்றப்படுகின்றனர். கமரா பொய் சொல்லவில்லை. பக்கத்திலுள்ள உரைநடையே சொன்னது. யதார்த்தத்தை வெறும் நகலெடுப்பாகக் கொள்வோர் இவ்விரு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

லிங்கன் கொலைச் சதிவழக்கில் நால்வர் 1865 யூலை 7 இல் தூக்கிலிடப்பட்டதையும் அவர் படமெடுத்தார். 1867 இல் புகையிரதக் கம்பனியொன்றுக்காகக் கன்சாஸ் வழியே மேற்கு நோக்கிச் சென்றார். இருப்புப்பாதை சென்ற நிலம் பூர்வ குடிகளின் நிலமாகும். 1868 இல் லறமி கோட்டை உடன்படிக்கைப் பேச்சுக்களின்போது பூர்வ குடித் தலைவர்களைப் படமெடுத்தார். அவ்வுடன்படிக்கை சூ மக்களுக்கு உறுதிசெய்த கருங்குன்றுகளை அமெரிக்க அரசு 1877 இற் பறித்துக்கொண்டது. கார்ட்னர் பிற்காலத்திற் கமராவைக் கைவிட்டு, பரஸ்பர உதவிச் சங்கங்களின் காப்பீட்டுப் பணியில் ஈடுபட்டார். 1882 இல் வாஷிங்டனிற் காலமானார்.