அம்மா தைத்த கோணல் யானை

தோழிகளே, 1990-களில் நம் வீட்டு ஷோகேஸ்களை ஞாபகம் இருக்கிறதா? மேல் தட்டில் கப்பும் ஷீல்டும், நடுவில் டி.வி., பக்கத்துக் கண்ணாடிக்குள் ஒரு ஃபர் கரடி அல்லது வெள்ளை நாய்க்குட்டி. வாங்கின பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கும். வீட்டுப் பிள்ளைகள் தொடக்கூடாது. 'அழுக்காயிரும்டி, கையை எடு!' என்ற அதட்டலைக் கேட்காத பெண் பிள்ளை அநேகமாக இருக்கமாட்டாள். இப்போது முப்பது வயதைத் தாண்டிய நமக்கெல்லாம் அந்த ஃபர் பொம்மை மேல் ஓர் ஏக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்தத் தடை உத்தரவும் ஒரு காரணம் என்பேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். பிறந்தது போடிநாயக்கனூர். ஏலக்காய் மட்டுமல்ல, இலவம் பஞ்சுக்கும் பேர் போன ஊர். 1994-ல் என் அம்மா 'சாஃப்ட் டாய்ஸ்' செய்யும் வகுப்பில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் தையல், எம்ப்ராய்டரி, ஃபேப்ரிக் பெயின்டிங் வரிசையில் இதுவும் ஒரு கைத்தொழிலாக ஊர் ஊராகப் பரவியிருந்தது. ஃபர் துணியைக் கத்தரிக்கோலால் கண்டபடி வெட்டக் கூடாதாம். துணியைக் குப்புறப் போட்டு, அட்டை மாதிரியை வைத்து வரைந்து, அடித்துணி மட்டும் அறுபடும்படி பிளேடால் கீற வேண்டும். அப்போதுதான் முடி வெட்டுப்படாது. முடி எந்தப் பக்கம் படிகிறது என்று தடவிப் பார்த்துத்தான் அட்டையையே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாயின் முதுகு ஒரு பக்கமும் வயிறு ஒரு பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். தைத்து முடித்ததும், தையலுக்குள் மாட்டிக்கொண்ட முடியை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட வேண்டும். இது மட்டும் என் வேலை. ஏழு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்!

அம்மா செய்ததெல்லாம் விற்பனைக்கு. நன்றாக வந்தவை கடைக்குப் போய்விடும். கண் ஒன்று மேலே ஒன்று கீழே போனது, காது நீண்டது, தும்பிக்கை குட்டையானது... இவையெல்லாம் கடைக்காரர் திருப்பி அனுப்பியவை. அவை எனக்கு. அப்படிச் சேர்ந்ததுதான் என் சேகரிப்பு. மொத்தம் பதினொன்று. அதில் ஒன்றுகூட முழு லட்சணமாக இருக்காது. ஆனால் கடைக்குப் போன அழகான பொம்மை ஒன்றின் முகம்கூட இன்றைக்கு எனக்கு ஞாபகமில்லை. இந்தக் கோணல் மூஞ்சிகளை இருட்டில் தடவியே பெயர் சொல்லிவிடுவேன்.

இந்தப் பொம்மைகளின் பூர்வீகத்தைப் படித்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம். எல்லாம் தையல் ஊசி பிடித்த பெண்கள் கையிலிருந்தே வந்திருக்கிறது. ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் மார்கரெட் ஷ்டைஃப் என்று ஒரு பெண்மணி. சின்னக் குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் செயலிழந்துபோயின. சக்கர நாற்காலியில் இருந்தபடியே துணி தைத்துப் பிழைத்தவர், 1880 வாக்கில் ஃபெல்ட் துணியில் ஒரு குட்டி யானை செய்தார். எதற்குத் தெரியுமா? ஊசி குத்தி வைக்க! அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போய், அதுவே பெரிய பொம்மைத் தொழிலாக வளர்ந்தது. 'டெடி' கதையும் அப்படித்தான். 1902-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிப் போட்டிருந்த ஒரு கரடியைச் சுட மறுத்தார். பத்திரிகையில் அது கேலிச்சித்திரமாக வந்தது. அதைப் பார்த்த நியூயார்க் மிட்டாய்க் கடைக்காரர் மிக்டம் தம்பதி துணிக்கரடி செய்து, ஜனாதிபதியின் செல்லப் பெயரை அதற்கு வைத்து விற்றார்கள். தைத்தவர் மனைவி ரோஸ். பேர் என்னவோ ஜனாதிபதிக்கு!

இந்தப் பொம்மைகளைப் பணத்துக்காகச் சேர்த்தவர்களும் உண்டு. 1993-ல் அமெரிக்காவில் 'பீனி பேபீஸ்' என்று உள்ளங்கை அளவு பொம்மைகள் வந்தன. விலை ஐந்து டாலர் போல. சில வகைகளைத் தயாரிப்பதைத் திடீர் திடீரென்று நிறுத்திவிடுவார்கள். உடனே அதற்குக் கிராக்கி, பல மடங்கு விலை. பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்று மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தவர்கள்கூட உண்டாம். 1999-ல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான ஒரு தம்பதி, கோர்ட்டில் தரையில் குந்தி உட்கார்ந்து, நீதிபதி முன்னாலேயே இந்தப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்ட கூத்தும் நடந்தது. அதற்குப் பிறகு விலை சரிந்து, பெரும்பாலானவற்றைச் சீந்துவாரில்லை. சமீபத்தில் பிள்ளைகளை ஆட்டிவைத்த 'லபுபு' பொம்மையும் எனக்கு அதே ரகமாகத்தான் தெரிகிறது. உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் மூடின டப்பாவைக் காசு கொடுத்து வாங்குவதற்குப் பெயர் சேகரிப்பா? எங்க ஊர்ப் பெட்டிக்கடையில் அட்டையில் கிழிக்கும் பரிசுச் சீட்டுதான் அது.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா 2019-ல் காலமாகிவிட்டார். தையல் மெஷினைத் தம்பி எடுத்துக்கொண்டான், நகையைப் பிரித்துக்கொண்டோம். பதினொரு பொம்மைகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவை ஏற்கெனவே என்னோடு கல்யாணச் சீரோடு சீராகத் தேனிக்கு வந்துவிட்டிருந்தன. போன வருடம் என் ஆறு வயது மகனுக்கு ராத்திரி ராத்திரி வீசிங். டாக்டர் வீட்டு நிலவரத்தை எல்லாம் விசாரித்துவிட்டு, படுக்கையறையிலிருந்து துணிப் பொம்மைகளை அப்புறப்படுத்தச் சொன்னார். தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் குடியிருக்குமாம்.

என்னவர் மென்மையாகத்தான் சொன்னார்: 'எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, போட்டுடும்மா. பிள்ளையைவிடப் பெருசா?' பிள்ளையைவிடப் பெரிசு ஏது? அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. மூட்டை கட்டிவிட்டேன். என் அத்தைதான், என் மாமியாரைச் சொல்கிறேன், குறுக்கே வந்தார். 'செத்தவ கைவேலைடா அது. குப்பை வண்டியில போடவா தச்சா? டாக்டரு ரூமை விட்டு எடுக்கத்தானே சொன்னாரு? சுத்தம் பண்ண வழியிருக்கான்னு கேளு.'

கேட்டேன். வழி இருந்தது. பொம்மையைப் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீஸரில் 24 மணி நேரம் வைத்தால் பூச்சிகள் செத்துவிடும். ஆனால் அதோடு விட்டால் பயனில்லை. செத்த பூச்சியும் அதன் கழிவும் உள்ளேயே இருக்கும், அலர்ஜிக்கு அதுவே போதும். எனவே பிறகு நன்றாகத் துவைத்து, உள்வரை ஈரமில்லாமல் காய வைக்க வேண்டும். மீன் வைக்கும் இடத்தில் நாய் படுத்திருப்பதைப் பார்த்து வீடே சிரித்தது.

மூன்று பொம்மைகள் ஃபைபர் பஞ்சு, சுலபமாகத் துவைத்துவிட்டேன். மற்ற எட்டும் எங்க ஊர் இலவம் பஞ்சு. தண்ணீர் பட்டால் கட்டி தட்டிப்போகும். தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, தோலை மட்டும் துவைத்து, புதிதாக ஃபைபர் அடைப்பதுதான் ஒரே வழி. முதலில் குட்டைத் தும்பிக்கை யானையைப் பிரித்தேன். மேலாக ஒரு கைப்பிடிதான் பஞ்சு. அதற்குள்ளே முழுக்க வெட்டுத் துணி! பஞ்சை மிச்சம் பிடிக்க அம்மா தையலில் விழுந்த துண்டுகளை எல்லாம் அடைத்திருக்கிறார். அப்பாவின் கட்டம் போட்ட லுங்கி, என் பள்ளிக்கூட நீலப் பாவாடையின் ஓரம், தம்பி தொட்டிலில் கிடந்த மஞ்சள் சேலை... வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீவி வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் குழம்பு கொதித்து அடிப்பிடித்ததை அத்தைதான் போய் இறக்கினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்படி ஏழு பொம்மைகளைப் பிரித்துத் தைத்துவிட்டேன். துண்டுகளைத் துவைத்துச் சேர்த்து மணைக்கு விரிப்பாக ஒட்டுத் தையல் போட்டிருக்கிறேன். மிச்சமிருக்கும் ஒன்று, அம்மா கடைசியாகத் தைத்த கரடி. அதைப் பிரிக்க மனசு வரவில்லை. கூடத்து ஷோகேஸில் பாலிதீன் கவரோடு உட்கார்ந்திருக்கிறது. மகன் தொடப் போனால், 'கையை எடுடா!' என்று என் வாயிலேயே வருகிறது. மகனுக்கு இப்போது வீசிங் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மருந்தும் தொடர்கிறது, தலையணை உறைகளைச் சுடுதண்ணீரில் துவைக்கிறேன், பொம்மைகள் படுக்கையறைக்குள் வருவதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக் கண் வைத்த பழைய பொம்மையைக் கையில் கொடுக்காதீர்கள். கழன்று வாய்க்குள் போய்விடும். கண்ணை எடுத்துவிட்டுக் கறுப்பு நூலில் எம்ப்ராய்டரி போட்டுவிடலாம். நான் நான்கு பொம்மைகளுக்கு அப்படிப் போட்டேன். பார்வையே கொஞ்சம் சாந்தமாகிவிட்டது.

தோழிகளிடம் ஓர் உதவி. யானைக்கு ஒரு ஜோடி வேண்டும் என்று மகன் கேட்கிறான். அம்மாவின் அட்டை மாதிரிகளில் உடம்பு, தும்பிக்கை, பாதம் எல்லாம் இருக்கின்றன. காது அட்டையை மட்டும் காணவில்லை. அந்தக் காலத்தில் சாஃப்ட் டாய்ஸ் வகுப்புக்குப் போனவர்கள் யாரிடமாவது யானைக் காது மாதிரி இருந்தால், அளவை இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். உட்கார்ந்த யானை, முக்கால் அடி உயரம்.

- ஒரு வாசகி, தேனி.