சூடேறினால் நிற்கும் புல்லட்

பத்தமடையில் பாய்க்கட்டைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் சாலையில் கிளம்புகிறது ஒரு பழைய புல்லட். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆன வண்டிதான். சேரன்மகாதேவி தாண்டி வீரவநல்லூரை நெருங்கும்போது இரண்டு முறை மிஸ் அடித்துவிட்டு நின்றுபோகிறது. கால் வலிக்க உதைத்தாலும் பலனில்லை. நிழலில் நிறுத்தி எஞ்சின் ஆறியதும் உதைத்தால், உடனே கிளம்பிவிடும். பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் பாயின்ட் வைத்த வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை பழக்கம். முதல் பழி பிளக் மேல்தான் விழும். "பிளக்க மாத்தியாச்சு அண்ணாச்சி, இனி நிக்காது" என்று அனுப்பிவைப்பார்கள். மறுநாளும் வண்டி வழியில் நிற்கும்.

சூடானால் நின்று, ஆறினால் கிளம்பும் வண்டியில், பொறி வராததுதான் காரணம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டன்சரை. அடுத்தது இக்னிஷன் காயிலை.

சென்னையில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் பல பத்தாண்டுகள் புல்லட்டில் வைத்தது பேட்டரி, பாயின்ட், காயில் சேர்ந்த அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910 மாடல் கேடிலாக் கார்களில் வந்த முறையின் வழிவந்தது இது. அடிப்படை அதற்கும் பழையது: காந்தப்புலம் மாறினால் பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே காட்டிய விதி.

காயிலுக்குள் இரண்டு சுருள்கள். தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள், மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள். பாயின்ட் மூடியிருக்கும்போது தடித்த சுருளில் 3, 4 ஆம்பியர் ஓடி காந்தப்புலம் உண்டாகிறது. எஞ்சினோடு சுழலும் கேம் பாயின்ட்டைத் திறந்ததும் அந்தப் புலம் சரிகிறது. எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ, அவ்வளவு மின்னழுத்தம். ஆனால் வேகமாக ஓடும் தண்ணீரைக் குழாயில் சட்டென்று அடைத்தால் குழாயே அதிர்வதுபோல, ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டமும் லேசில் நிற்காது. அப்போதுதான் பிரிந்த பாயின்ட்டின் நூலிழை இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதற்கு விடாமல் உள்வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. அந்தச் சின்னத் தகரக் குப்பி ஒழுங்காக இருந்தால், தடித்த சுருளில் சில நூறு வோல்ட்டும், மெல்லிய சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலும் எழும். அதன் உள்ளே இருக்கும் காப்புப் படலம் பழசாகிச் சூட்டில் கசியத் தொடங்கினால், பொறி பிளக்கில் அடிப்பதற்குப் பதில் பாயின்ட்டிலேயே மஞ்சளாக அடிக்கும். பாயின்ட்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டன்சரைப் பார்க்காமல் மூடாதீர்கள். ஆறியபின் கசிவு குறைகிறது, வண்டி கிளம்புகிறது.

பிளக்கைக் கழற்றி ஹெட்டில் சாய்த்து உதைத்து, "கரன்ட் நல்லா வருது" என்று முடிவுகட்டுவது ஏமாற்றக்கூடிய சோதனை. காற்று எவ்வளவு அடர்த்தியோ, பொறி தாண்ட அவ்வளவு அதிக வோல்ட் வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889-இல் வகுத்துச் சொன்னது இது. திறந்தவெளியில் பிளக்கின் அரை மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியைத் தாண்ட மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக நசுக்கப்பட்டிருக்கிறது. அங்கே அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். நோஞ்சான் காயில் வெளியே பொறி காட்டிவிட்டு உள்ளே தோற்றுப்போகும். ஆகவே, சோதிப்பதென்றால் ஆகாத பழைய பிளக்கின் வளைந்த முனையை வெட்டி, 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, அந்தப் பிளக்கின் உடம்பை எஞ்சினோடு நன்றாகத் தொடவைத்துப் பாருங்கள். அதையும் தாண்டி நீலமாகச் சடசடவென்று அடித்தால் காயிலை நம்பலாம். பிளக் துவாரத்தைத் துணியால் அடைத்துவிட்டே உதையுங்கள்; அதன் வழியே வருவது பெட்ரோல் ஆவி.

மீட்டர், டெஸ்டர் எதுவும் இல்லாதவருக்கும் பழைய புல்லட்டின் ஹெட்லைட் மேல் ஒரு நல்ல கருவி இருக்கிறது: ஆம்ப் மீட்டர். சாவியைப் போட்டு, சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் கழித்தல் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். பொறி அடிக்கும் அந்த இடத்தைக் கண்டுகொள்ளத்தான் பெரியவர்கள் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து உதைக்கிறார்கள். முள் சாயவே இல்லையென்றால் பேட்டரி, சாவி, ஒயர், அழுக்கேறிய பாயின்ட் இவற்றில் ஏதோ ஒன்றில் தொடர்பு அறுந்திருக்கலாம். சாய்ந்தது திரும்பவே இல்லையென்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் காயில் வாங்கக் கடைக்குப் போவது வீண்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டிக்கு வைத்தியம் வேறு. வெடிப்பு விட்ட பிளக் ஒயரில் ஈரம் படிந்தால் கரன்ட் அங்கேயே கசிந்துவிடும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுத் தொடாமல் பார்த்தால் கசிவு நீலமாய் மினுங்கும்.

பாயின்ட் வைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து, அதன்பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறந்து பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகவே குறைந்து, வண்டி இழுவை விட்டுச் சூடேறும். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் அந்தத் தேய்மானம் குறையும். ஒரு பொட்டுக்கு மேல் போனால் அதுவே தெறித்துப் பாயின்ட்டில் ஒட்டும்.