இராமேஸ்வரம் போனால் தனுஷ்கோடியையும் பாருங்கள்

கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு வெளியூர் செல்வது நம் வணிகர்களுக்கு எளிதான காரியமல்ல. அப்படிப் புறப்படும்போது சுவாமி தரிசனத்தோடு தொழிலுக்கும் ஒரு பாடம் கிடைத்தால் நல்லதுதானே? அதற்கு ஏற்ற ஊர் இராமேஸ்வரம்.

தரிசன முறை

மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் கூட்டம் நெரியும்; நிதானமாகத் தரிசிக்க விரும்புவோர் அந்நாட்களைத் தவிர்க்கலாம். அதிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம். பின்னர் அக்னி தீர்த்தக் கடலில் நீராடி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். சீட்டு வாங்கினால் வாளியில் இறைத்து ஊற்றுவார்கள். ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத் துணி அவசியம். பிற்பகலில் நடை சாத்தப்படும் என்பதையும் நினைவில் கொள்க.

இங்கிருந்து மணல் எடுத்துச் சென்று கங்கையில் கரைப்பதும், கங்கை நீரைக் கொண்டு வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும் மரபு. ஆகவே வடநாட்டு யாத்திரிகர்கள் ஆண்டு முழுவதும் வருகிறார்கள். கடைப் பலகைகளில் இந்தி எழுத்தைக் காணலாம். வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் வியாபாரம் செய்கிறார்கள்.

தனுஷ்கோடி சொல்லும் பாடம்

மறுநாள் தனுஷ்கோடி செல்லுங்கள். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு. இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். அங்கே கடலில் இறங்க வேண்டாம், நீரோட்டம் பலமானது.

ஒரு காலத்தில் இது துறைமுக நகரம். சென்னையிலிருந்து இரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னார் சென்றார்கள். இரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், கடைகள் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே அழிந்தது. பயணிகள் இரயிலும் கடலில் போயிற்று. கப்பல் போக்குவரத்து இராமேஸ்வரத்துக்கு மாறியது; தனுஷ்கோடிக்கு இரயில் பாதை திரும்பவில்லை. பாதை போனதும் அதை நம்பிய வியாபாரமும் போயிற்று. இன்று எஞ்சியிருப்பவை தேவாலயம் போன்ற சில இடிந்த சுவர்களே.

இராமேஸ்வரத்தின் கதை வேறு. மணற்பாங்கான இத்தீவுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பாம்பனைக் கடந்தே வர வேண்டும். 1914-ல் திறந்த இரயில் பாலம் ஒன்றே நெடுங்காலம் வழியாக இருந்தது. 1988-ல் சாலைப் பாலம் வந்தது. எனவே 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் நிறுத்தப்பட்டபோதும் சரக்கும் யாத்திரிகர்களும் சாலை வழியே வந்து கொண்டிருந்தனர். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை ஊரின் வியாபாரம் தாக்குப்பிடித்தது.

நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே மண்டி, ஒரே லாரி, கடன் வாங்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் என்று இருந்தால் நம் கடையும் ஒரு தனுஷ்கோடிதான். இரண்டாவது பாலத்தை நல்ல நாளிலேயே கட்டி வைப்போம்.