ஆங்கிலப் பேச்சுவழக்கில் நோக்குத் துணைவினைகளின் குறுக்கம்

ஆங்கிலத்தில் 'வில்', 'வுட்', 'கேன்', 'குட்', 'ஷுட்' முதலான நோக்குத் துணைவினைகள் இயலுமை, கடமை, வாய்ப்பு முதலிய பொருள்களை முதன்மைவினைக்கு ஏற்றித் தருகின்றன. அன்றாடப் பேச்சில் இவை பெரிதும் குறுகியே ஒலிக்கின்றன. 'ஐ வில்' என்பது 'ஐல்' எனவும், 'ஹீ வுட்' என்பது 'ஹீட்' எனவும் ஆகின்றன. வகுப்பறையில் இது அபாஸ்ட்ரஃபி இட்டு எழுதும் சுருக்கமுறையாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. முழுவடிவம் நிற்கும் இடமெல்லாம் குறுவடிவமும் நிற்கும் என்னும் எண்ணம் இதனால் வேரூன்றுகிறது. மொழிவழக்கு இதற்கு இடம் தரவில்லை.

'யெஸ், ஐ வில்' என்னும் விடை 'யெஸ், ஐல்' எனக் குறுகாது. முதன்மைவினை மறைந்து துணைவினை இறுதியில் நிற்கும்போது குறுக்கம் நிகழ்வதில்லை. ஆயின் 'நோ, ஐ வோண்ட்' என்னும் எதிர்மறை விடை இயல்பாக அமைகிறது. எனவே இவ்விரு குறுக்கங்களும் ஒரே தன்மையன அல்ல. எதிர்மறைக் குறுவடிவம் ஒட்டிடைச்சொல் அன்று, விகுதியே என அர்னால்ட் சுவிக்கி, ஜெஃப்ரி புல்லம் ஆகியோர் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் 1983இல் நிறுவினர். 'வில்' என்பது 'வோண்ட்' எனவும் 'ஷால்' என்பது 'ஷாண்ட்' எனவும் ஒழுங்கின்றித் திரிவதும், 'மே' என்பதற்கு இவ்வடிவம் இன்றைய வழக்கில் ஏறத்தாழ இல்லாமையும் அவர்தம் கருத்துக்கு அரண் செய்வன. 'வோண்ட்' என்பதிலுள்ள ஓகாரம், 'வில்' என்பதற்கு இடைக்கால ஆங்கிலத்தில் வழங்கிய 'வொல்' என்னும் மாற்றுவடிவின் எச்சமாகும். தமிழில் ஏகார, ஓகார இடைச்சொற்கள் 'அவனே', 'வந்தானோ' எனப் பெயரோடும் வினையோடும் ஒட்டுவதையும், எதிர்மறை விகுதி வினையை மட்டுமே சார்வதையும் அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

குறுக்கத்தால் வடிவங்கள் மயங்குவதும் உண்டு. 'ஹீட் கம்' என்பதற்கு 'அவன் வருவான்' என்னும் பொருளில் 'வுட்' மூலமாகலாம். 'அவன் வந்திருந்தான்' என்னும் பொருளில் 'ஹேட்' மூலமாகலாம். 'கம்' என்னும் வினை இருநிலையிலும் வடிவம் மாறாமையால் சூழலே பொருளைத் தெளிவிக்கும்.

தமிழர்க்கு மிகுதியும் இடர் தருவது 'கேன்' என்பதே. உடன்பாட்டில் இதன் உயிரொலி அழுத்தமிழந்து 'கன்' என்பது போல் நலிகிறது. எதிர்மறையிலோ உயிர் முழுமையாக ஒலிக்கிறது. அமெரிக்க வழக்கில் 'கேன்ட்' என்பதன் இறுதி டகரம் பலவேளை வெடிக்காமல் அடங்கிவிடுவதால், கேட்போர் உயிரொலியைக் கொண்டே உடன்பாட்டையும் எதிர்மறையையும் பிரித்தறிகின்றனர். எழுத்தைப் பின்பற்றி 'ஐ கேன் கம்' என முழு உயிருடன் ஒலிக்கும் தமிழர், 'வர இயலும்' என்று கூற, 'வர இயலாது' என்று கூறியதாகவே கொள்ளப்படக்கூடும். நேர்காணலிலும் மருத்துவமனையிலும் இது சிறு பிழையன்று. பிரித்தானிய வழக்கில் 'கான்ட்' என உயிர் நெடிலாக வேறுபடுவதால் மயக்கம் குறைவு. டகரத்தை அழுத்தப் பயிற்றுவதினும் உடன்பாட்டு வடிவை நலித்து ஒலிக்கப் பயிற்றுவதே பயன் தரும்.

'குட் ஹேவ்' என்பது 'குடவ்' எனக் குறுகி, நலிந்த 'ஆஃப்' என்பதோடு ஒலியால் ஒன்றிவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரே 'குட் ஆஃப்' எனப் பிழைபட எழுதுவது இதனாலேயே. இதனை அறியாமை என ஒதுக்குதல் எளிது. அவர்தம் மொழியுணர்வில் 'ஹேவ்' என்னும் வினை மங்கிவருகிறது என்பதே பொருத்தமான விளக்கமாகும். 'வரணும்' என்று பேசும் தமிழர்க்கு 'வேண்டு' என்னும் வினையடி நினைவில் எழாமையும் இத்தகையதே.