மூன்று வாட்ச் போதும்! கணக்கு வைக்க கம்ப்யூட்டர் இருக்கிறது

உங்கள் கம்ப்யூட்டர் மேஜையின் டிராயரைத் திறந்து பாருங்கள். ஓடாத வாட்ச் ஒன்றாவது கிடக்கும். என் டிராயரில் ஏழு கிடந்தன. அதில் ஒன்று அப்பா தினமும் கட்டியது. பேட்டரி தீர்ந்ததும் பிறகு மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்துச் சென்றபோது, பேட்டரி கசிந்து உள்ளே இருந்த சர்க்யூட்டை அரித்திருந்தது. ரிப்பேர் செய்பவர் கையை விரித்துவிட்டார்.

மாற்றி மாற்றிக் கட்டுவதற்கு மூன்று வாட்ச்கள் போதும். நான்காவது வந்தால் டிராயருக்குத்தான் போகும்.

எந்த மூன்று?

முதலாவது, அலுவலகத்திற்குக் கட்டும் முள் வைத்த குவார்ட்ஸ் வாட்ச். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து 1984ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தயாரிக்கும் வாட்ச்கள் இந்த வகையில் நிறைய உண்டு.

இரண்டாவது, பயணத்திற்கும் மழைக்கும் டிஜிட்டல் வாட்ச். 1989ல் வெளிவந்த கேசியோ எப்-91டபிள்யூ இன்றும் விற்பனையில் உள்ளது. ஒரு பேட்டரி சுமார் 7 ஆண்டுகள் வரும். இது மழைத் தூறலைத் தாங்கும். நீச்சலுக்கு 100 மீட்டர் என்று குறிப்பிட்ட வாட்ச் வாங்கவும்.

மூன்றாவது, விசேஷங்களுக்குச் சாவி கொடுக்கும் வாட்ச். வீட்டில் பழைய எச்.எம்.டி. இருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். அதையே சர்வீஸ் செய்து கட்டுங்கள். பேட்டரி இல்லாததால் கசியும் பயம் இல்லை. ஸ்மார்ட் வாட்ச் கட்டுபவர்கள் அதையும் மூன்றில் ஒன்றாகவே கணக்கிடவும்.

கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

குவார்ட்ஸ் வாட்சில் உள்ள சிறிய படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் இது. இதைப் பாதி பாதியாக 15 முறை குறைத்தால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்திலும் இதே அதிர்வு கொண்ட படிகம்தான் பயன்படுகிறது. இரண்டுமே சிறிது முன்னும் பின்னும் ஓடும். ஆனால் கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியே தன்னைத் திருத்திக்கொள்ளும்.

விண்டோஸ் 11ல் டாஸ்க் பாரில் உள்ள கடிகாரத்தில் ரைட் கிளிக் செய்து, அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம் தேர்ந்தெடுக்கவும். அங்கே சிங்க் நவ் கிளிக் செய்திடவும். மாதத்தின் முதல் தேதி இப்படிச் சரிசெய்த நேரத்தை வாட்சில் வைக்கவும். மாதக் கடைசியில் மீண்டும் ஒப்பிடவும். சாதாரண குவார்ட்ஸ் வாட்சில் 15 வினாடி வரை வித்தியாசம் இருக்கலாம், கவலை வேண்டாம்.

எக்ஸெலில் ஐந்து நெடுவரிசைகள் போடுங்கள்: வாட்சின் பெயர், பேட்டரி எண், பேட்டரி மாற்றிய தேதி, மாத வித்தியாசம், கடைசியாகக் கட்டிய தேதி. கடைசி நெடுவரிசையை வைத்து சார்ட் செய்தால், எது டிராயரில் தூங்குகிறது என்பது உடனே தெரியும். மூன்று மாதம் கட்டாத வாட்சை, கட்டக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். நினைவாக வைத்திருக்க விரும்பினால், கடையில் கொடுத்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பல குவார்ட்ஸ் வாட்ச்களில் வினாடி முள் சில வினாடிகளைச் சேர்த்துத் தாவினால், பேட்டரி தீரப் போகிறது என்று அர்த்தம்.

ஓர் எச்சரிக்கை

வாட்சைக் கழற்றி கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் மீது வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. சாவி வாட்சின் மெல்லிய ஸ்பிரிங் காந்தமேறினால், நேரம் வேகமாக ஓடத் தொடங்கும். ரிப்பேர் கடையில் சில நிமிடங்களில் காந்தத்தை நீக்கிவிடுவார்கள். குவார்ட்ஸ் முள் வாட்ச் காந்தத்தின் அருகில் நின்றுபோகலாம். நகர்த்தினால் மீண்டும் ஓடும்.

இன்றே டிராயரைத் திறந்து பட்டியலைத் தொடங்குங்கள். அப்பாவின் வாட்ச் உள்ளே இருந்தால், முதல் வரி அதற்கே இருக்கட்டும்.